தங்கத்தாய் வாங்கிக் கொடுத்த விலாசம்

தங்கத்தாய் அக்காவை முதன்முதலில் பார்த்த அன்று நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறெதையும் சொல்வது சரியில்லை.

அது 1972. தூத்துக்குடியில் ரேஷன் கார்டு போடும் ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏரலுக்குப் பக்கத்தில் வயல் வேலை பார்க்கிற குடும்பத்திலிருந்து வந்தவன். மேஜையும் நாற்காலியும் ரப்பர் ஸ்டாம்பும் எனக்குப் புதுப் பெருமை. ஒருநாள் காலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து பதினோரு விண்ணப்பங்களை என் முன்னால் வைத்தாள். சாயம் போன ஊதாச் சேலை, இறுக்கிக் கட்டிய கொண்டை, வாயில் வெற்றிலை. பதினோரு தாளிலும் பெயர் இருந்தது, வயது இருந்தது. கதவு எண் எழுதும் இடம் மட்டும் காலி.

“கதவு நம்பர் எங்கம்மா?”

“கதவு இல்ல சார். கிட்டங்கிச் சுவரோரமா இருக்காவ.”

“வீடு இல்லாதவங்களுக்கு எப்படி கார்டு குடுக்க? கார்டே வீட்டுக்குத்தான்.”

“அப்படியா? அரிசிய மனுசங்கதான் திங்காவன்னுல்லா நெனச்சேன்.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினோரு தாளிலும் ‘விலாசம் இல்லை, திருப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி சார். பிறகு வாரேன்.”

தங்கத்தாய் வருகிறேன் என்று சொன்னால் வந்தே தீருவாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவளுடைய கதையை அவள் வாயாலும், அவளுக்கு இடம் கொடுத்த நர்ஸ் பிளாரன்ஸ் வாயாலும் பின்னால் கேட்டேன். சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர் அவளுக்கு. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். புருஷன் இசக்கியப்பன் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். ஒற்றை அறை வாடகை வீடு, பிள்ளைகள் இல்லை, ஆனாலும் சிரிப்புக்குக் குறைவில்லாத குடித்தனம். 1963-ல் இசக்கியப்பனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. இருபதே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வீட்டுக்காரர் வந்து, தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு விடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டில் மூன்று மாதம் இருந்து பார்த்தாள். மதினி ஒரு வார்த்தை ஏசவில்லை. தங்கத்தாய் அடுப்படிக்குள் நுழைந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள், அவ்வளவுதான்.

“ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசிட்டு இருந்திருப்பேன் தம்பி. பேசாம எந்திரிச்சுப் போனாளே, அதுதான் தாங்கல.”

திரும்பவும் தூத்துக்குடிக்கே வந்து, செந்தில்வேல் அண்ணாச்சியின் கிட்டங்கியில் சாக்குத் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். துறைமுகத்துச் சரக்கை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகள் அப்போது கடற்கரைப் பக்கம் வரிசையாக நின்றன. பகல் முழுக்க உள்ளே கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பாள். பொழுது சாயும்போது பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு அதே கட்டடத்தின் சுவருக்கு வெளியே அவள் குடித்தனம். ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷத்தைப் பற்றி அவள் அழுது பேசி நான் கேட்டதில்லை. தொழில் தெரிந்த கொத்தனார் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். எந்தச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும், எந்த ஓட்டலில் கேட்டால் ஒரு குடம் தண்ணீர் தருவார்கள், எந்தப் பொம்பளைக்குப் பக்கத்தில் படுத்தால் பயமில்லை, எல்லாம் அத்துப்படி.

“மழையக்கூடச் சமாளிச்சிரலாம். சாமானத்தான் சமாளிக்க முடியாது. ரெண்டு சட்டி, ஒரு சேல, ஒரு போர்வை. அதச் சுமந்துக்கிட்டுப் போனா எவனும் வேல தர மாட்டான். வச்சிட்டுப் போனா வரும்போது இருக்காது.”

மூன்று தடவை மொத்தமாகப் பறிகொடுத்திருக்கிறாள். மூன்றாவது தடவை போனதில் இசக்கியப்பனின் சட்டையும் இருந்தது.

1970-ல் அவளுக்கு டைபாய்டு வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து எழுந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், நர்ஸ் பிளாரன்ஸ் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விலாசம் கேட்டார். தங்கத்தாய் கிட்டங்கிச் சுவரைச் சொன்னாள்.  பிளாரன்ஸ் தன்னுடைய வீட்டு நம்பரை எழுதி நோட்டை மூடிவிட்டார்.

“மை வச்சு எழுதியாச்சு, இனி அழிக்க முடியாது. பேசாம வந்து இரு.”

பிளாரன்ஸ் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், அதிகம் பேசாதவர். வீட்டின் பின்சுவரோடு கூரை இறக்கி விறகு போட்டு வைத்திருந்த சாய்ப்பைக் காலி பண்ணிக் கொடுத்தார். முதல் நாள் வேலைக்குப் புறப்பட்ட தங்கத்தாய் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாளாம். சாமான்களை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டு வெறுங்கையோடு நடப்பது உடம்புக்கே பழகவில்லை. வந்து பார்த்தாள். எல்லாம் அங்கேயே இருந்தது. மறுபடி போனாள்.

அன்று சாயங்காலமே செந்தில்வேல் அண்ணாச்சியிடம் போய் நின்றாள். அவரும் அவள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். கிழிந்த சாக்குகளைக் குவித்து வைத்திருந்த ஒரு சாய்ப்பு கிட்டங்கியின் பக்கவாட்டில் இருந்தது.

“அண்ணாச்சி, அந்தச் சாய்ப்ப எனக்கு விடுங்க. எலி இல்லாம சுத்தமா வச்சுக்கிடுதேன்.”

“நீதான் வீட்டுக்குப் போயிட்டியேம்மா.”

“நான் போயிட்டேன். மத்தவுக சாமான் இன்னும் வெளியதான் கெடக்கு.”

எலிக்காகவா, அவளுடைய நச்சரிப்புக்காகவா தெரியவில்லை, அண்ணாச்சி சம்மதித்தார். மளிகைக் கடைகளில் காலியாகிற தேயிலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ஒட்டுப்பலகையில் செய்து ஓரத்தில் தகரம் அடித்த பெட்டிகள். ஒரு தச்சரை விரட்டி விரட்டி மூடியும் கொண்டியும் போட வைத்தாள். சுவரோரத்தில் இருந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி, ஒரு பூட்டு, ஒரு சாவி. காலையில் பெட்டியில் சாமானைப் போட்டுப் பூட்டிவிட்டு எல்லோரும் கைவீசி வேலைக்குப் போனார்கள். இப்படி முப்பத்தொரு பெட்டிகள் சேர்ந்த பிறகுதான், அடுத்தது அரிசி என்று முடிவு பண்ணி, முதலில் பதினோரு பேர் தாளோடு என் மேஜைக்கு வந்திருக்கிறாள்.

சொன்னபடி ஒரு வாரத்தில் மறுபடியும் வந்தாள். தாள் எதையும் நீட்டவில்லை.

“சாயங்காலம் இங்கன இருந்து நேரா வீட்டுக்குத்தான் போவியளோ? ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போங்க சார்.”

ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சாய்ப்புக்குள் பெட்டிகள் மூன்று வரிசையாக இருந்தன. மீன் கூடை சுமக்கும் சந்தனமாரி என்ற பெண் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து கண்ணாடி எடுத்தாள், தலை சீவினாள், கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். உள்ளே ஒரு பித்தளைச் செம்பு, மடித்த சேலை ஒன்று, ஒரு சாமி படம். அந்தப் படத்துக்குக் கீழே, கசங்காமல் மடித்த ஒரு தாள். மூலையில் என் கையெழுத்து தெரிந்தது.

“இத எதுக்கு வச்சிருக்க?” என்று கேட்டேன்.

“எம் பேரு போட்ட தாளு சார். சர்க்காரு கையெழுத்தும் இருக்குல்லா.”

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் ஒரு வார்த்தையாவது பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பழைய பைல்களைப் புரட்டினேன். தங்குகிற இடத்தின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், அந்த இடத்தின் நம்பரிலேயே கார்டு போட்ட வழக்கம் முன்பு இருந்தது. ஆபீசரிடம் காட்டினேன். சொந்தக்காரர் கையெழுத்து இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

செந்தில்வேல் அண்ணாச்சி அதற்கு லேசில் மசியவில்லை. பெட்டி வைக்க இடம் கொடுப்பது வேறு, தன் கட்டடத்து நம்பரைக் கொடுப்பது வேறு.

“கார்டுல என் கிட்டங்கி நம்பர் ஏறிட்டா, நாளைக்கு எடத்துக்கே பாத்தியத கொண்டாடுவாங்கம்மா. சார் நீங்களே சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்குமுன் தங்கத்தாய் கேட்டாள். “அண்ணாச்சி, உங்க சுவருக்கு வெளிய ஏழு வருசம் படுத்துக் கெடந்தேன். ஒரு செங்கல்ல உருவினேனா?”

“உருவல.”

“உங்க சரக்குல ஒரு புடி தொட்டேனா?”

“சே, நான் அதச் சொல்லலம்மா.”

“என்னிய நம்பினா போதும். அவுகள நான் நம்புதேன்.”

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பதினோரு கார்டும் வந்துவிட்டன; மற்றவர்களுக்கும் அடுத்தடுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு நான் அவளுக்கு சார் இல்லை, தம்பி; கோபம் வந்தால் ‘ஏலே தளவாய்’.

கார்டு எதற்கு உதவும் என்று நாங்கள் நினைத்தோமோ அதைவிடப் பெரிதாக ஒன்றுக்கு உதவியது. 1974 மாசி மாதம், பெரிய மனிதர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்று பேச்சாக இருந்தது. ஒருநாள் காலை எட்டு மணிக்குக் கிட்டங்கிச் சுவரோரம் ஒரு லாரி வந்து நின்றது. யார் உத்தரவு என்று எவரும் கடைசிவரை சொல்லவில்லை. அவர் கண்ணில் படக்கூடாதென்று சுவரோரம் இருந்தவர்களை ஏற்றத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு உள்ளே சாக்குத் தைத்துக்கொண்டிருந்த தங்கத்தாய் ஓடி வந்தாள். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை என்றதும் திரும்பி ஒரு கூச்சல் போட்டாள்.

“ஏளா சந்தனமாரி! பெட்டியத் தெறந்து கார்டுகள எடுங்க! எல்லாரும் எடுங்க!”

எடுத்துக்கொண்டதும் தானும் லாரியில் கால் வைத்தாள். ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு அவளைத் தெரியும்.

“நீ ஏம்மா ஏறுத? உனக்குத்தான் வீடு இருக்குல்லா?”

“இருக்கு. அதான் ஏறுதேன். திரும்பி வர வழி தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்லா.”

எட்டயபுரத்தையும் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவில் இறக்கிவிட்டார்கள். இருபத்து மூன்று பேர். இருவர் கைக்குழந்தைக்காரிகள். திரும்பும்போது லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பேச்சிமுத்து என்று ஒரு வயசாளி, சத்தமென்றால் பயந்து நடுங்குகிறவர், யாரோடும் அதிகம் பேசாதவர். ஹாரன் சத்தத்தில் மிரண்டு பருத்திக் காட்டுக்குள் ஓடினார். கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாக ஓடி மறைந்துவிட்டார். தங்கத்தாய் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தாள். குழந்தைகள் வெயிலில் அலறின. திரும்பி வந்துவிட்டாள்.

உப்பு இறக்கிவிட்டுக் காலியாக வந்துகொண்டிருந்த ஒரு லாரியை ரோட்டின் நடுவில் நின்று மறித்தாள். டிரைவர் பெயர் ரோச், தூத்துக்குடிக்காரர்தான்.

“யக்கா, லாரில ஆளு ஏத்தினா கேஸ் போட்ருவாங்க.”

“காலையில ஏத்துனவனுக்கு வராத கேஸு உனக்கு மட்டும் எப்படிலே வரும்?”

ரோச் தலையைச் சொறிந்தார். பிறகு பின்பக்கத் தகட்டைத் திறந்துவிட்டார்.

மூன்று மணிக்கு அவர்கள் நேராக வந்து நின்ற இடம் என் ஆபீஸ். காலெல்லாம் கரிசல் புழுதி, சேலையெல்லாம் உப்பு. தங்கத்தாய் கார்டுகளை என் மேஜையில் பரப்பினாள்.

“தம்பி, இதுல என்ன ஊரு போட்டிருக்கு? சத்தமா வாசி.”

“தூத்துக்குடி.”

“கையெழுத்து ஆருது?”

“எங்க ஆபீசரோடது.”

“அப்ப இவுக இந்த ஊர்க்காரவுக. இத ஒரு தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லு.”

ஆபீசர் அறைக்கு வெளியே வந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பயந்த சுபாவம் உள்ள மனிதர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, டைப் அடி என்றார். இன்னின்னார் இந்த ஊரில் குடியிருப்பவர்கள், கார்டு வைத்திருப்பவர்கள் என்று அடித்தேன். சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைத் தங்கத்தாய் மெழுகுச்சீலையில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரோரத்துக்கு லாரி வரவில்லை. வேறு தெருக்களுக்கு வந்தது என்று கேள்விப்பட்டோம். அவள் அந்தத் தெருக்களுக்கும் போய் விண்ணப்பம் எழுத வைத்தாள். இரண்டு வருஷத்தில் என் கையால் நூற்றுக்கு மேல் கார்டு போட்டிருப்பேன்.

ஆனால் பேச்சிமுத்து அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி எட்டயபுரத்துக்குப் போனாள். பருத்திக் காடு, கோவில், சந்தை, ஒன்று விடாமல் விசாரித்தாள். நானும் இரண்டு வாரம் கூடப் போனேன். நான்காவது ஞாயிறு, ரோட்டோர டீக்கடை ஒன்றுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தவர் பேச்சிமுத்து. கடைக்காரி சங்கரம்மாள் சொன்னாள்.

“வேலி ஓரமா பயந்து கெடந்தாவ. பேரு கேட்டேன், சொல்லல. வாளியக் குடுத்தேன், தண்ணி எடுத்தாவ. பின்னால சாக்கு விரிச்சுக் குடுத்திருக்கேன்.”

“வாரியளா அண்ணாச்சி, போவமா?” என்று தங்கத்தாய் கேட்டாள். பேச்சிமுத்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பஸ்சில் தங்கத்தாய் அழுதாள். நான் பார்க்க அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

“காட்டுல விட்டுட்டு வந்தவ நான். அவ பாரு தம்பி, வேலையும் குடுத்து, படுக்க ஒரு மூலையும் குடுத்துட்டா. நான் நாலு வருசமா வெறும் பெட்டியல்லா குடுத்திருக்கேன்.”

அடுத்த வாரம் பேச்சிமுத்துவின் பெட்டியைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் செந்தில்வேல் அண்ணாச்சியைப் பார்க்கப் போனாள்.

புதுத் துறைமுகம் வந்த பிறகு பழைய கிட்டங்கிகள் பல காலியாகிக்கொண்டிருந்தன. அண்ணாச்சியின் பின்கட்டும் சும்மாதான் கிடந்தது. இரண்டு வருஷம் அவரை விடாமல் அரித்து, வீடில்லாதவர்கள் தங்குவதற்காக 1976-ல் அதைக் கேட்டு வாங்கினாள். பிளாரன்ஸ் கோவில் பெண்களிடம் பேசிப் பாய்கள் சேர்த்துக் கொடுத்தார். ரோச் ஒரு லோடு ஓலை கொண்டுவந்து இறக்கினார். நடுவில் தட்டி கட்டி, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் காற்று வரும் மூலை. அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. எதனால் வீட்டை விட்டு வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

“ஏழு வருசமா அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டே கெடந்தேன்,” என்பாள்.

யாரோ அதைத் தங்கத்தாய் சத்திரம் என்றபோது சண்டைக்குப் போய்விட்டாள். “சத்திரம்னா ரெண்டு நாள்ல கெளம்பணும். இங்கன அப்படி இல்ல.” காலையில் கூட்டிக்கொண்டு போய் உப்பளத்திலோ கிட்டங்கியிலோ ஓட்டலிலோ வேலைக்குச் சேர்த்துவிடுவாள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது கூடவே போய் வீட்டுக்காரரிடம், “நான் பொறுப்பு” என்பாள். ஊரில் அந்த வார்த்தைக்கு மதிப்பு வந்திருந்தது.

அவளைத் தெய்வம் என்று சொல்லிவிட முடியாது. குடித்துவிட்டு வந்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்து, அவன் அழுததும் சோறு போட்டு, சாப்பிட்டு முடித்ததும் மறுபடி ஏசியிருக்கிறாள். தாயம் விளையாடினால் கூசாமல் காயை நகர்த்தி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனால் கலெக்டரே வந்தாலும் இடைவேளை வரை காத்திருக்க வேண்டியதுதான். தனக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு அகப்பை குழம்பு கூட ஊற்றுவாள். நானும் அதில் ஒருவன் என்பதால் குறை சொல்ல மாட்டேன்.

1979-ல், சரக்குத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். தங்கத்தாய் பெயர் விழுந்தது. ஒரு அறை, அடுப்படி, பின்னால் குழாய். ஊரே ஒன்றை எதிர்பார்த்தது. இவ்வளவு பேருக்கு இடம் தேடிக் கொடுத்தவள் இதையும் யாருக்காவது கொடுத்துவிடுவாள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“யாருக்குக் குடுக்கப் போறிய யக்கா? சந்தனமாரிக்கா?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏலே தளவாய், என்னத்துக்குக் குடுக்கணும்? நான் என்ன சாமியாரா? சந்தனமாரிக்கு வாங்கணும்னா அவளுக்குத் தனியா எழுதிப் போடுவோம். இது என் வீடு.”

பால் காய்ச்சுகிற அன்று எல்லோரும் போனோம். செந்தில்வேல் அண்ணாச்சி ஒரு செப்புக் குடம் கொண்டுவந்தார். சந்தனமாரி கை நிறையப் பூ கட்டிக்கொண்டு வந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. தங்கத்தாய் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரே ஒரு ஜன்னல்தான் அந்த வீட்டுக்கு. அதைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். என்னை ஒரு ஆணி அடிக்கச் சொல்லி, அது கோணலாகப் போனதற்கு ஏசினாள். வந்த எல்லோருக்கும் இலை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் பாயசம் ஊற்றினாள்.

பந்தி முடிந்து நாங்கள் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தோம். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“எல்லாரும் வயித்துக்குச் சாப்பிட்டாச்சுல்லா?”

“ஆச்சும்மா, திருப்தி,” என்றார் அண்ணாச்சி.

“அப்ப கெளம்புங்க. கொஞ்ச நேரம் என் வீட்ல நான் மட்டும் இருக்கணும்.”

அண்ணாச்சி முதலில் எழுந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தெருவில் இறங்கினோம். கடைசி ஆள் படியிறங்கியதும் உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உச்சி வெயில். அப்போதுதான் பிளாரன்சுக்குத் தன் குடை உள்ளே இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பிக் கதவு வரைக்கும் போனார். கையைத் தூக்கினார். தட்டாமல் திரும்பி வந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு நடந்தார்.